இரண்டாவது கோப்பை

"இருநூத்திப் பதினாலு இன்னிக்காவது வருவாளா அங்கிள்?"

தேதி முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தியபடி, தெரியாதும்மா என்றார் நூலகர். மூன்று மாதமாக அதே கேள்வி, அதே பதில். பொய் சொல்லும்போது அவருக்கு முகம் மாறாது. கட்டைவிரல் மட்டும் ஊதாவாகும். மையில் எதை அழுத்துகிறோம் என்று பார்க்க மாட்டார்.

கேள்வி கேட்ட ரெட்டைச்சடை படக்கதை அலமாரியை நோக்கி நடந்தாள். எட்டு வயது, பக்கத்து அடுக்குமாடியில் வீடு. அவருக்கு 'உஷ் அங்கிள்' என்று பெயர் வைத்தது அவள்தான் என்று குழந்தைகள் பிரிவில் பேச்சு. பெயர்ப் பொருத்தத்தில் குறை சொல்ல முடியாது. ஒரு நாளில் அவர் பேசும் சொற்களில் பாதி அந்த உஷ்தான். மீதிப் பாதியை அவருடைய ஒற்றை அறையில் குக்கர் கேட்டுக்கொள்ளும்.

விஷயம் இதுதான். இரண்டு வருடம் யாரும் எடுக்காத புத்தகத்தைக் கழித்துக்கட்டிவிட வேண்டும் என்பது நூலக விதி. விதியை மீற அவருக்குத் தைரியம் இல்லை. ஏமாற்றுகிற அளவுக்கு இருந்தது. தன் பேரிலேயே ஓர் உறுப்பினர் அட்டை போட்டுக்கொண்டார். எண் 214. சனிக்கிழமைதோறும் யாரும் சீந்தாத படக்கதைகளில் பன்னிரண்டைப் பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போவார். கடைசிப் பக்கச் சீட்டுகளில் 214, 214 என்று ஏறிக்கொண்டே வந்தது. இந்த நகரத்துக்கு வந்த ஆறு வருடத்தில் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அந்தப் புத்தகங்கள் மட்டும்தான்.

அதில் ஒன்று கரடிக் கதை. உயரமான கட்டடத்தில் தனியாக இருக்கிற ஒரு கரடி, தினமும் மேசையில் இரண்டு கோப்பை எடுத்து வைக்கும். யாரும் வர மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை அந்தப் புத்தகத்துக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது.

'இருநூத்திப் பதினாலுக்கு. எனக்கு யாருமே இல்ல. உனக்கு? இப்படிக்கு, ரெட்டைச்சடை.'

கிழித்துப் போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. இடது கையால் கோணல்மாணலாகப் பதில் எழுதி அதே பக்கத்தில் வைத்தார். தானும் ஒரு பெண்தான், எட்டு வயதுதான், பதினோராவது மாடியிலிருந்து வெளியே விட மாட்டார்கள் என்று எழுதினார். பொய் அத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க போன் அடிக்காதது, கதவு தட்டுகிற சத்தத்துக்கு ஓடிப்போய்த் திறந்தால் அது எதிர்வீட்டுக் கதவாக இருப்பது, இதெல்லாம் சத்தியமான உண்மை.

பிறகு வாரம் ஒரு கடிதம். ஒரு வாரம் முத்து முத்தான எழுத்து. மறுவாரம் கோழி கிளறின மாதிரி. ஒரு கடிதத்தில் தம்பி உண்டு. அடுத்ததில் கூடப் பிறந்தவர்களே கிடையாது. தனிமை ஒரு குழந்தையை என்ன பாடுபடுத்துகிறது என்று அவர் உருகிப்போனார். கரடி ஏன் ரெண்டு கோப்பை வைக்குது என்று ஒருமுறை கேட்டிருந்தாள். இரண்டு நாள் யோசித்து எழுதினார்: 'ஒண்ணு வெச்சா, தனியா இருக்கோம்னு தெரிஞ்சுடும்ல.'

அதற்கு வந்த பதில்தான் அவரைக் கலக்கிவிட்டது. 'சனிக்கிழமை நாலு மணிக்கு வட்ட மேசைக்கு வா. வரலேன்னா இனிமே எழுத மாட்டேன்.'

வாரம் முழுக்க அதே யோசனை. உண்மையைச் சொன்னால் குழந்தைக்கு இருக்கிற ஒரே தோழியும் இல்லாமல் போவாள். சொல்லாவிட்டால், காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்படிப் பார்த்தாலும் அவருடைய சனிக்கிழமைகள் பழையபடி வெறும் சனிக்கிழமைகளாகிவிடும்.

இன்று அந்தச் சனிக்கிழமை. மணி நாலு. ரெட்டைச்சடை வட்ட மேசையில் கரடிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். எதிர் நாற்காலி காலி.

நூலகர் எழுந்து போய் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் தாடையை இடித்தது.

"பாப்பா, அந்தப் பொண்ணு வர மாட்டா."

"ஏன் அங்கிள், உடம்பு சரியில்லையா?"

நல்ல பொய் ஒன்றை அவளே எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொள்ளக் கை பரபரத்தது.

"இல்லம்மா. அப்படி ஒரு பொண்ணே இல்ல. இருநூத்திப் பதினாலு நான்தான். யாருமே இல்லேன்னு நீ எழுதியிருந்தியா, அதான்... என்ன வேணா திட்டிக்கோ."

எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே என்று அடுத்து வாயில் வந்தது. அதை மட்டும் உஷ் என்று உள்ளேயே அடக்கிவிட்டார்.

ரெட்டைச்சடை திட்டவில்லை. அவருடைய ஊதாக் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் ஊதா விரல்ரேகை.

"எல்லாரும் வெளிய வாங்க," என்றாள் அலமாரியைப் பார்த்து. "அவரே சொல்லிட்டாரு."

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஐந்து குழந்தைகள் வரிசையாக வந்தார்கள்.

"பன்னெண்டு புத்தகத்துல ஒரே தேதி, ஒரே நம்பர். இவ்வளவு தூக்கிட்டுப் போறவங்களுக்கு வேற யாரும் இருக்க மாட்டாங்கன்னு தோணிச்சு. நேரா கேட்டா வருத்தப்படுவாங்களேன்னுதான் எனக்கு யாரும் இல்லேன்னு எழுதினேன்," என்றாள் ரெட்டைச்சடை. "நாங்க ஆறு பேரும் முறை வெச்சுத்தான் அங்கிள் எழுதறோம். அடுத்த வாரம் முதல் தடவையா என் தம்பி முறை, அவனுக்கு இன்னும் எழுத வராது, படமா வரைஞ்சு குடுத்தா பரவாயில்லையா?"