இன்னும் இரண்டு விளக்கு

தெருமுனையிலேயே ஹாரன் அலறத் தொடங்கிவிட்டது.

விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. எதிர்க்கடை வாசலில் நின்றவர்கள் சிதறினார்கள். பிரேக் போன வண்டி என்று நினைத்து, கையிலிருந்த ஒயரைப் போட்டுவிட்டு ஷெட் வாசலுக்கு ஓடினார் எலெக்ட்ரீஷியன்.

பிரேக் எல்லாம் போகவில்லை. லோடு ஏற்றிய பத்துச் சக்கர லாரி, நத்தை மாதிரி ஊர்ந்து வந்து நின்றது.

ஸ்டியரிங்கில் தங்கை புருஷன். பக்கத்து சீட்டில் தங்கை.

"யாரு மாப்ள, மந்திரியா வர்றாரு? ஊரையே ஒதுக்கிட்டு வர்றீங்க."

"நாலு பேர் ஒதுங்கினா நமக்கு நல்லதுதானே மச்சான்." அவன் சீட்டை விட்டு இறங்கவில்லை. "முன்னாடி இன்னும் ரெண்டு லைட் வேணும். பெரிய சைஸ். நடு கிரில்லுல மாட்டிடுங்க. சாயங்காலம் மலை ஏறணும்."

எலெக்ட்ரீஷியன் அண்ணாந்து பார்த்தார். கேபின் தலையில் நான்கு, பம்பரில் இரண்டு. எல்லாம் இந்த ஒரு மாதத்தில் அவர் கையால் மாட்டியவை.

இருபது வருடம் கம்பெனி ஹெட்லைட்டை வைத்தே மலை ஏறி இறங்கியவன். இப்போது இத்தனை வெளிச்சம் எதற்கு? ரோடு இல்லாத காட்டுக்குள் வண்டியை விடுகிறானோ? என்னத்தை ஏற்றி இறக்குகிறான்?

அவன் எக்கேடு கெட்டாலும் போகட்டும். கிளீனரை நிறுத்திவிட்டு, அந்த சீட்டில் தங்கையை ஏற்றிக்கொண்டு போகிறானே. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய பிள்ளைகள் இரண்டும் ஒரு மாதமாக அவர் வீட்டில்தான் தூங்குகின்றன.

"எந்தக் காட்டுக்குப் போறீங்க மாப்ள? உண்மையச் சொல்லுங்க."

"காடும் இல்ல, மேடும் இல்ல. அதே பழைய ரூட்டுதான். நீங்க லைட்ட மாட்டுங்க."

தங்கை முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சின்ன வயதில் அவள் வாயை மூட ஆள் வைக்க வேண்டும்.

சரி, இவர்கள் வாயிலிருந்து எதுவும் வராது. வேலையையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று அளவு டேப்பை எடுத்தார்.

"கிரில்லுல மாட்ட முடியாது. அதுக்குப் பின்னாடிதான் ரேடியேட்டர். சாப்பாட்டுத் தட்டு சைசுல ரெண்டு லைட்ட அங்க வச்சா, எஞ்சின் மூக்கைப் பொத்தின மாதிரி. லோடோட மலை ஏறுறப்ப காத்தும் பத்தாது. சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடும். பாதி மலையில ஆவி விட்டு நிப்பீங்க."

"எங்கயாவது மாட்டுங்க மச்சான். ரோடு பளிச்சுனு தெரியணும். அவ்வளவுதான்."

ஆங்கிள் இரும்பை வெட்டினார். பம்பரின் இரண்டு ஓரத்திலும் கிளாம்ப் அடித்து, கிரில்லை விட்டு வெளியே தள்ளி, பக்கத்துக்கு ஒன்றாக விளக்குகளை முடுக்கினார். ஒயரைச் சூடு படாத பக்கமாக இழுத்துக் கட்டினார். போல்ட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். தங்கை போகிற வண்டி.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒரு செய்தித்தாளை கிரில் முன்னால் நீட்டினார். ஃபேன் அதை வெடுக்கென்று இழுத்து கிரில்லோடு ஒட்டவைத்தது. கால் மணி நேரம் ஆக்சிலரேட்டரை மிதிக்க வைத்தார்.

"முள்ளு எங்க நிக்குது மாப்ள?"

"நடுவுலதாண்ணா இருக்கு," என்றாள் தங்கை.

"நீ எப்பம்மா கிளீனர் வேலைக்குச் சேர்ந்தே?"

அவள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எஞ்சினை அணைக்கச் சொன்னார். அவருக்கு மனது லேசானது. காற்றுக்குத் தடையில்லை. இந்த வண்டி இனி நடு வழியில் நிற்காது. எங்கே போனாலும் தங்கை பத்திரமாகத் திரும்பி வருவாள்.

விளக்கின் மட்டம் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. லாரியை ஷெட்டுக்குள் விடச் சொன்னார். மெதுவாக, தங்கை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி இருக்க, வண்டி உள்ளே வந்தது. ஷட்டரை இறக்கியதும் பட்டப்பகலிலும் உள்ளே மங்கிப்போனது. எதிர்ச் சுவரில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்துச் சொல்லச் சொல்ல, இவர் திருகைத் திருப்புவார். வெளிச்சம் கோட்டில் விழுந்தால் வேலை முடிந்தது.

"புது லைட்ட மட்டும் போடுங்க மாப்ள."

ஸ்விட்ச் 'டிக்' என்றது.

சுவர் மங்கலாகவே இருந்தது. விளக்கு எரியவில்லை.

எலெக்ட்ரீஷியன் சட்டைப் பையைத் தடவினார். வேலை அவசரத்தில் புது லைனுக்கு ஃபியூஸ் போட மறந்திருந்தார். பைக்குள்ளேயே இருந்ததைக் கையில் எடுத்தார். தன் மறதியை நினைத்துச் சிரித்தபடி அதைச் சொல்ல வாயெடுத்தார்.

"கொஞ்சம் தூக்கலா அடிக்குது மச்சான்," என்றான் மாப்பிள்ளை மேலிருந்து. "கீழ இறக்குங்க."

எலெக்ட்ரீஷியன் திரும்பிப் பார்த்தார். அவன் விளையாடவில்லை. கழுத்தை முன்னே நீட்டி, வெறும் சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் கை தானாகத் திருகைத் திருப்பியது.

"இப்ப?" என்று கேட்டுப் பார்த்தார்.

"ஆங், அப்படித்தான். கோட்டு மேலயே நிக்குது."

கேபின் கதவு திறந்தது. தங்கை இறங்கி, லாரியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஃபியூஸ் இருந்த அவர் கையை விரல்களோடு சேர்த்து மூடி, இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதண்ணா. வளைவு வந்தா நான் அவருக்குச் சொல்லிடுவேன்."