நான்காம் கட்டிலின் தண்ணீர்

இதை எனக்கு முதலில் சொன்னது, ஓர் ஆஸ்பத்திரி வார்டைப் பெருக்கித் துடைக்கிற அம்மா. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிரார்த்தனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

அந்த வார்டில் ஒரு நர்ஸ். பட்டப்பெயர் 'குண்டு சிஸ்டர்'. நின்று வேலை பார்க்க முழங்கால் இடம் கொடுக்காமல், வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். முப்பது கிலோ இறங்கியிருந்தது. பட்டப்பெயர்தான் இறங்கவில்லை.

காலை ஷிப்ட் தொடங்கி அரை மணிகூட ஆகவில்லை. மருந்து வண்டிமேல் இருந்த அவளுடைய தண்ணீர் பாட்டிலை, வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினாள்.

"இது என்ன, உல்லாசப் பயணமா?"

"மேடம், கால் மணிக்கு ஒருதரம் ரெண்டு மடக்கு குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எங்களுக்கெல்லாம் தாகமே எடுக்காதா? சாப்பாட்டு நேரத்துல ஒரேயடியா குடிச்சுத் தொலையேன்."

"என் வயிறு தாங்காது மேடம். ஏற்கெனவே ஒரு தடவை உடம்புல தண்ணி வத்திப் படுத்துட்டேன். இன்னொரு தடவை ஆனா கிட்னி போயிடும்னு..."

பெரிய சிஸ்டரின் கண் பக்கத்தில் இருந்த அவள் பைக்குள் போனது. மூடியில் நேரம் எழுதிய இரண்டு குட்டி டப்பா. ஒன்றில் அவித்த முட்டை, இன்னொன்றில் ஒரு கை பயறு.

"எட்டு மணிக்கு ஒண்ணு, பதினோரு மணிக்கு ஒண்ணா? ஏம்மா, வயித்தை வெட்டினவங்க வாயை மறந்துட்டாங்களா?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாட்டிலும் டப்பாக்களும் அலமாரிக்குள் பூட்டப்பட்டன.

அன்றைக்கு அவளுக்கு விழுந்தது நான்காம் கட்டில். அதே ஆபரேஷன் முடிந்து மூன்று நாளான ஒரு டீச்சரம்மா. கால் மணிக்கு ஒருதரம் குட்டிக் குவளையில் ரெண்டு மடக்கு. கொடுத்ததும் சார்ட்டில் எழுத வேண்டும்.

"நாலாம் கட்டிலுக்குத் தண்ணி குடுத்தியா?" பெரிய சிஸ்டர் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள். "ஒரு வேளை தவறினாலும் உன்னைத்தான் கேப்பேன். உயிர் விஷயம்!"

"குடுத்துட்டேன் மேடம்."

டீச்சரம்மா அவள் முகத்தையே பார்த்தார். "உதடெல்லாம் வெடிச்சிருக்கே. நீயும் ஒரு வாய் குடியேன்மா."

"டியூட்டியில குடிக்கக் கூடாதும்மா. நீங்க குடிங்க."

பதினோரு மணி போனது. பன்னிரண்டு மணிக்கு சார்ட்டில் எழுத்து ஊர்ந்தது. பன்னிரண்டரைக்குப் பேனா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடிப்போய் அவள் தலையைத் தாங்கியது, எனக்கு இதைச் சொன்ன அந்த அம்மாதான்.

ஐந்தாம் கட்டில் காலியாக இருந்தது. படுக்கவைத்து சலைன் ஏற்றினார்கள். அவள் கண் திறந்தபோது பெரிய சிஸ்டரே பக்கத்தில் உட்கார்ந்து, குவளையை உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா... ரெண்டே மடக்கு. படிச்ச பொண்ணு, உடம்பைப் பார்த்துக்க வேணாமா?" பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "என்ன வேடிக்கை? கால் மணிக்கு ஒருதரம் இவளுக்குத் தண்ணி போகணும். கொஞ்சம் தெளிஞ்சதும் முட்டை குடுங்க. உயிர் விஷயம்!"

அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "மேடம், நான் டியூட்டிக்குத் திரும்பினதும் இதே மாதிரி பாட்டிலை..."

"அது எப்படி? இப்ப நீ பேஷன்ட். டியூட்டிக்கு வந்தா ஸ்டாஃப்."

சொல்லிவிட்டு, ஐந்தாம் கட்டிலின் புது சார்ட்டில் 'மயக்கத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் பெரிய சிஸ்டர் முத்து முத்தாக எழுதினாள்: 'நேரத்துக்குத் தண்ணீர் குடிக்காத நோயாளியின் அலட்சியம்.'

நீங்கள் யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால், ஊசியோடு வருகிற பெண்ணிடம், "தண்ணி குடிச்சியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.