ருசி பார்க்க ஒரு தட்டு

“பிள்ளைங்க சோத்துல தினமும் ஒரு முழுத் தட்டு உங்களுக்கா சார்?”

பள்ளிக்கூடச் சமையலறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக உணவுத் துறை அதிகாரி கேட்டார். கையில் ஒரு மொட்டைக் கடிதாசி.

தலைமை ஆசிரியர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

“பரிமாறுறதுக்கு முன்னாடி பொறுப்பான ஒருத்தர் ருசி பார்க்கணும்னு சட்டமே சொல்லுதே சார்.”

“அதுக்கு ஒரு வாய் போதாதா?”

“எவ்வளவுன்னு சட்டத்துல எழுதலையே!”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆகப்போறீங்க. இந்த வயசுல இது தேவையா?”

சமையல்காரம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கரண்டியோடு முன்னால் வந்துவிட்டாள்.

“ஐயாவை ஒண்ணும் சொல்லாதீங்க சார். தொண்ணூறு பிள்ளைங்களுக்குப் பொங்கிப் போடறேன். என் பேருக்கு ஒரு பிடி கிடையாது. அடுப்புல வேகறவளுக்கும் வயிறு இருக்குன்னு சட்டம் எழுதினவங்க மறந்துட்டாங்க.”

“வீட்டுலேர்ந்து கொண்டு வரலாமேம்மா?”

“காலேஜுக்குப் போற என் ரெண்டு பிள்ளைங்களுக்குக் கட்டி அனுப்பினா பானை காலி சார். அதான் ஐயா தன் வீட்டுச் சாப்பாட்டை அப்படியே என்கிட்ட கொடுத்துட்டு, இங்க உட்கார்ந்து ருசி பார்க்கறார். ஐயா போனப்புறம், அடுத்து வர்றவரும் எனக்குச் சோறு கொடுக்கணும்னு என்ன தலையெழுத்து?”

“அட, நீ சும்மா இரும்மா!” தலைமை ஆசிரியர் அதட்டினார். அதட்டல் எடுபடவில்லை.

அதிகாரி அந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பதிவேட்டை இழுத்து, நின்றபடியே எழுதினார்.

‘தலைமை ஆசிரியர் ருசி பார்ப்பது இன்றோடு நிறுத்தப்படுகிறது. இனி அந்தப் பொறுப்பு சமையல்காரருடையது. ஒரு வாயில் ருசி தெரியாது. தினமும் முழுத் தட்டு.’

முத்திரை குத்தினார். கிளம்பிவிட்டார்.

ஜீப் சத்தம் அடங்கியதும் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குச் சோறு கிடைச்சது இருக்கட்டும். உங்களைப் போய்த் திருடன்னு எழுதினானே, அந்தக் கட்டையில போறவன் யாரு ஐயா?”

“திட்டாதேம்மா. உனக்கு ஒரு தட்டு கேட்டு, என் பேரைப் போட்டு நாலு வருஷத்துல ஒன்பது மனு அனுப்பினேன். ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. போன வாரம் பேரைப் போடாம என்னைப் பத்தியே ஒண்ணு எழுதிப் போட்டேன். மூணாம் நாள் ஜீப் வந்துடுச்சு.”