தள்ளி எடுத்த வேன்

“சாவியப் போட்டு, கிளச்ச மிதிச்சிக்கிட்டு இரி ஜெஸீம். நாங்க தள்ளுறம்!” என்றார் அடுத்த வீட்டுக் கலந்தர்.

“வேணாம் காக்கா, உங்களுக்கு நெஞ்சு வருத்தம், மருந்தும் குடிக்கிறீங்க...”

“பழைய வேனெண்டா இப்பிடித்தான் மக்கர் பண்ணும். வெக்கப்படாத!”

ஒழுங்கையில் இருந்த வீட்டுக்காரரெல்லாம் சேர்ந்து தள்ளினார்கள். கிளச்சை விட்டதும் வேன் உறுமியது. கலந்தர் மூச்சிரைக்க வந்து ஜன்னலைப் பிடித்தார்.

“நேத்து நீ சொன்ன உடனேயே தள்ளியிருக்கலாம். என்ட புள்ளத்தாச்சி மகள் றிபா, கிளினிக்குக்கு பஸ்ஸுல நிண்டபடி போனா. எனக்குத்தான் புத்தி வரல்ல. குறை நினைக்காத தம்பி.”

ஜெஸீம் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே புதுச் சீட் கவர் பளபளத்தது. றிபா அதில் வாந்தியெடுத்துவிடுவாளே என்றுதான் நேற்று, “ஸ்டார்ட் எடுக்குதில்ல காக்கா” என்றிருந்தான்.

அந்தப் பழைய வேனோ, வாங்கிய நாளிலிருந்து ஒரே திருகலில் ஸ்டார்ட் எடுக்காத நாளில்லை.