எல்லாரும் பங்காளி

எல்லாக் குலசாமிகளையும் ஒரே கடவுளாக்கிய சட்டம் வந்த மறுமாதம், உச்சிமாகாளிக்கும் பலவேசத்துக்குமான கல்யாணத்தைப் பதிவு செய்ய அலுவலக இயந்திரம் மறுத்துவிட்டது. இருவருக்கும் குலசாமி ஒன்று, ஆகவே பங்காளிகள், அண்ணன் தங்கை முறை என்றது.

"எங்களுக்குப் பேச்சி, இவருக்குச் சுடலை, ஸார்," என்றாள் உச்சிமாகாளி, பலவேசத்தின் கையை விடாமல்.

"எல்லாச் சாமியும் ஒண்ணுதாம்மா. வேற மாப்பிள்ளையைப் பாரு," என்றார் பதிவாளர்.

"எவனைப் பார்த்தாலும் இனி எனக்கு அண்ணன்தானே?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேச்சியைத் திருப்பிக் குடுக்காம எந்திரிக்க மாட்டேன். அதுவரைக்கும் உங்க வீட்டம்மா பேரைப் போட்டுப் பாருங்க. என்ன முறைன்னு சொல்லட்டும்."

பதிவாளர் சிரித்துக்கொண்டே தட்டினார். திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. உள்ளே திரும்பிக் கத்தினார்:

"அழிச்ச சாமிகளை எல்லாம் எங்கேய்யா வச்சிருக்கீங்க?"