மரிசெல் கடைப் பூசணிக்காய்க் கூட்டு

"மணலூர்பேட்டைக்காரன் லைக் போட்டுக்கீறான், சரி. அவன் அங்க சோறு துன்ன கப்பல் ஏறுவானா? அத்த சொல்லு மொதல்ல."

தெய்வசிகாமணி சணல் உருண்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் கயிறு, சாக்கு, சணல் விற்கிறவர். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. நல்ல சரக்கு இருந்தால் கூவத் தேவையில்லை என்பது அவர் கட்சி.

மகள் சந்தியா கல்லாவுக்குப் பின்னால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பிலிப்பைன்ஸ் நாட்டுச் சின்னச் சின்னக் கடைகளுக்கு இணையத்தில் பக்கம் திறந்து, படம் போட்டு, விளம்பரம் செய்து கொடுப்பது அவள் வேலை. கடையையும் பார்த்ததில்லை, ஊரையும் பார்த்ததில்லை. முதன்முதலாகக் கிடைத்த ஆள் மரிசெல் என்கிற அம்மாள். தாவோ என்ற ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்த விளம்பரமும் கைகொடுக்காவிட்டால் கடையை மூடிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அவள் கடையை மூடினால் சந்தியாவும் லேப்டாப்பை மூடிவிட்டுச் சணல் எடை போட வந்துவிட வேண்டும். இது தெய்வசிகாமணியின் தீர்ப்பு.

விளம்பரம் போன வாரமே போட்டாயிற்று. எந்த ஊரில் காட்ட வேண்டும் என்ற இடத்தில் லேப்டாப் தானாகவே கள்ளக்குறிச்சியைப் போட்டிருந்ததை அவள் இன்றைக்குத்தான் கவனித்தாள். தாவோவில் ஒரு ஆள்கூட அதைப் பார்க்கவில்லை. சின்னசேலம் பார்த்திருக்கிறது. மூங்கில்துறைப்பட்டு பார்த்திருக்கிறது. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில்கூடப் பார்த்திருக்கிறார்கள்.

"அந்தம்மாவுக்கு நான் இன்னான்னுப்பா சொல்லுவேன்?"

"உள்ளத சொல்லு. ஒங்க கடைக்கு எங்க ஊர்ல தண்டோரா போட்டுட்டேன்னு சொல்லு. ஆமா, அப்பிடி இன்னா படம் போட்ட நீ?"

காட்டினாள். தட்டு நிறையச் சோறு. பக்கத்தில் தேங்காய்ப்பால் விட்ட பூசணிக்காயும் காராமணியும்.

"இன்னாமா இது, நம்ம வூட்டு கூட்டு மாரி கீது."

"அவங்களும் செய்வாங்கப்பா."

"கூட்டுக்குப் போயி எவனாச்சும் விளம்பரம் குடுப்பானா? விளம்பரம்னாலே பாதி பொய்யி. மீதி படம்."

"நீ வாய மூடிக்கினு இருக்கறதே பெரிய ஒத்தாசப்பா."

அந்த நேரம் பார்த்து தீனதயாளன் வந்தார். நைனார்பாளையத்தில் மரவள்ளி போடுகிறவர். மாதம் தவறாமல் வரும் ஆள்.

"அண்ணே, கெட்டி சணலா குடு. பையனுக்கு ஊறுகா பார்சல் கட்டணும்."

"போன மாசந்தான கட்டின?"

"அது தீந்துபோச்சு. ஊறுகா இல்லன்னா அவனுக்கு சோறு எறங்க மாட்டேன்னுது. டாக்டருக்குப் படிக்கிறான், எலும்பு எங்கங்க கீதுன்னு தெரிஞ்சிக்க பொஸ்தகமே வேணாம், கண்ணாடில பாத்தா போதும். அப்பிடி எளைச்சிப் பூட்டான்."

"நல்லா துன்னுடான்னு சொல்ல வேண்டிதுதான?"

"ஏன் கேக்கற. ரோட்ட தாண்டி ஒரு எடத்துக்குப் போடான்னு நானும் போன் போட்டுக்கினே கீறேன். காதுல வாங்கினாத்தான? நாம சொன்னா எந்தப் புள்ள கேக்குது?"

"அத்த என்னாண்ட சொல்றியா?" என்று மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெய்வசிகாமணி சணலைத் தராசில் போட்டார்.

லேப்டாப் மணி அடித்தது. மரிசெல்தான், வீடியோவில்.

சந்தியா கடிகாரத்தைப் பார்த்தாள். இங்கே காலை நேரம். அங்கே மதியச் சாப்பாட்டு வேளை. காலிக் கடையைக் காட்டிக் கேள்வி கேட்கப்போகிறாள்.

"எடு," என்றார் தெய்வசிகாமணி. "தப்ப தப்புன்னு சொல்லிடு. அதுக்கு விளம்பரம் வேணாம்."

எடுத்தாள். ஒத்திகை பார்த்தது போல ஒரே மூச்சில், "மன்னிச்சிருங்கம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். மரிசெல் அதைக் கேட்கவே இல்லை. நெற்றி வேர்வையைத் துடைத்தாள், சிரித்தாள், போனைத் திருப்பிக் கடையைக் காட்டினாள்.

பெஞ்சில் இடமில்லை. வெள்ளைக் கோட்டுப் பையன்கள் தட்டோடு நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். வாசலுக்கு வெளியே இன்னும் வரிசை நின்றது.

"எல்லாம் உன் விளம்பரத்தாலதான்னு சொல்றாங்க," என்றாள் மரிசெல்.

"அந்தூர்ல ஒருத்தனும் பாக்கலன்ன?" என்று மகள் காதில் கிசுகிசுத்தார் தெய்வசிகாமணி. "எனக்கு என்னாவோ நம்பிக்கயில்ல. இவனுங்கள எங்கனா புடிச்சாந்து நிக்க வெச்சிருக்கப்போறா."

தீனதயாளனும் வேடிக்கை பார்க்கத் தலையை நீட்டினார். நின்று சாப்பிட்டவர்களில் ஒல்லியாக ஒரு பையன், வாய் நிறையச் சோற்றோடு போனுக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் சந்தியாவை விட்டுவிட்டு, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

"யப்பா, நீ அங்க இன்னா பண்ற? நீ சொன்ன கடையிலதான் துன்னுக்கினு கீறேன். இங்க கீறவனுங்க எல்லாம் டாக்டருக்குப் படிக்க வந்த நம்ம பக்கத்துப் பசங்கதான், விளம்பரப் படத்துல கூட்டப் பாத்துட்டு அவனவன் அப்பனும் ஆத்தாளும் அங்கேருந்து போன் போட்டு உசுர எடுத்துட்டாங்க. நல்லாத்தான் கீது, இனிமே ஊறுகா அனுப்பாத."

தீனதயாளன் கையில் வாங்கிய சணலைத் தராசுத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.