சப்ஜெக்டுக்கு ஒரு கோடு

சிவப்புக் கோடுகளைக் கண்டதும் நாராயணபெருமாளின் முகம் அழுகின முட்டையை மோந்ததுபோலச் சுருங்கியது.

"சீ, தாசில்தாருக்குக் குடுக்க வேண்டிய கடுதாசியா இது? ஒமக்க மக கிறுக்கி நாசமாக்கி வச்சிருக்கா அத்தான்."

நாகர்கோவிலில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர் நாராயணபெருமாள். அக்காள் புருஷன் வைகுண்டராஜனுக்காக மூன்று நாள் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதிய புகார் மனு அது.

போன மாதம் ஊர்ப் பண்ணையார் ஈஸ்வரமூர்த்தி ஆள் விட்டுக் குளத்துக்கரையை வெட்டியதில் பதினான்கு பேருடைய கதிர் தண்ணீரில் முங்கிப் போனது. அழுகின கதிரின் நாற்றம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. எதிர்த்துப் புகார் கொடுக்கத் துணிந்தவர் வைகுண்டராஜன் ஒருவர்தான். அவர் கைநாட்டு.

நேற்று அவர் வயலில் இருந்ததால் மனுவை அக்காளிடம் கொடுத்துவிட்டுப் போன நாராயணபெருமாள், இன்று மைப்பெட்டியோடு வந்திருந்தார்.

"ஏட்டி செல்லக்கனி, என்ன வேலை செஞ்சு வச்சிருக்க?" வைகுண்டராஜன் கையை ஓங்கினார்.

நாலாம் பாரம் படிக்கும் செல்லக்கனி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "லீமா டீச்சர்தான் வீட்டுல இருக்கிற இங்கிலீஷ்ல பத்து வாக்கியம் பாத்துக் கோடு போட்டுட்டு வரச் சொன்னாவ. சப்ஜெக்டுக்கு ஒரு கோடு, வெர்புக்கு ரெண்டு கோடு. நம்ம வீட்டுல வேற இங்கிலீஷ் எங்க இருக்கு?"

"மாமன் பாடுபட்டு எழுதினதுதான் கெடச்சுதா ஒனக்கு?" அருவருப்போடு காகிதத்தை விரித்துப் பார்த்தார் வைகுண்டராஜன். எழுத்துத் தெரியாவிட்டாலும் கண் தெரியுமே.

"எல்லா வரியிலயும் ஒரே குச்சி எழுத்துக்குக் கீழதான் ஒத்தக் கோடு போட்டிருக்கா. ரப்பர் வச்சு அழிச்சா போவாதா?"

நாராயணபெருமாள் வெடுக்கென்று காகிதத்தைப் பிடுங்கினார். "கோடு கெடந்தா கெடக்கட்டு. தாசில்தார் அதையா பாக்கப் போறாரு? விரலை நீட்டும்."

இப்போதுதான் நாசம் என்றவர் இப்படிச் சொன்னது வைகுண்டராஜனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் நீட்டினார். மச்சினனின் வெற்றிலை எச்சில் மணிக்கட்டில் தெறித்தது. நாராயணபெருமாள் அவர் விரலைப் பிடித்து மையில் அழுத்திப் புரட்டிக் காகிதத்துக்குக் கொண்டு போனார்.

"மாமா, இதுல அப்பாவா விரல் வைக்கணும்?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"பின்ன ஒனக்க டீச்சரா வந்து வைப்பா? அந்தால போட்டி."

அவள் போகவில்லை. பாய்ந்து வந்து அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மை விரல் காகிதத்துக்கு ஒரு நெல்லளவு மேலே நின்றது.

"விடு மக்கா, என்னாச்சு ஒனக்கு?"

செல்லக்கனி மாமனை ஏறிட்டுப் பார்த்தாள். காலில் மிதிபட்ட மலத்தைப் பார்க்கிற பார்வை அது.

"கரையை வெட்டினது நான்தான்னுல்லா இதுல எழுதியிருக்கு. எவனோ களவாணிக்க கடுதாசின்னு நெனச்சேன்ப்பா."